கண்ணுக்குத் தப்பும் அசைவு: விளையாட்டுப் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவு

விளையாட்டுப் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் பல வேலைகள் நடக்கின்றன. அசையும் உடலைப் படத்திலிருந்து அளப்பது முதல் வேலை. அளந்து குவித்த எண்களுக்குள் ஒழுங்கு ஏதும் இருக்கிறதா என்று தேடுவது அடுத்தது. கண்ட ஒழுங்கைக் கொண்டு, நாளைக்கு எதை மாற்ற வேண்டும் என்று வீரருக்குச் சொல்வது அதற்கும் அடுத்தது. இவை ஒரே வேகத்தில் வளரவில்லை. அளவெடுப்பது வியக்கும்படி தேறிவிட்டது. ஒழுங்கு தேடுவது சில விளையாட்டுகளில் மட்டும் பலன் தந்திருக்கிறது. ஆலோசனை சொல்வதில் விளம்பரம் வெகுதூரம் முந்திவிட்டது, பலன் இன்னும் வந்து சேரவில்லை. கமரா வாங்க நினைக்கும் கழகத்துக்கும், பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

கண் பார்ப்பதும் உடல் செய்வதும் வேறு வேறு என்பதற்குத் தமிழர் நன்கறிந்த சான்று இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் முழங்கை. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில், முரளி முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று கருதிய நடுவர் டரல் ஹேர் ஏழு முறை 'நோ போல்' அறிவித்தார். முரளியின் முழங்கை பிறப்பிலிருந்தே முழுதாக நிமிராதது. வளைந்த கை தோளோடு சுழன்று வரும்போது, அது நிமிர்வது போலவே பார்ப்பவருக்குத் தெரியும். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அந்தக் கை பலமுறை அளக்கப்பட்டது. 2004இல் அவருடைய 'தூஸ்ரா' பந்தை அளந்தபோது முழங்கை சராசரியாக 14 பாகை நிமிர்வது தெரிந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பின் அது ஏறக்குறைய 10 பாகைக்கு இறங்கியது. அப்போது சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதிக்கப்பட்டது 5 பாகைதான். ஆனால் அதே அளவுகோலை மற்றவர்கள் மீதும் வைத்துப் பார்த்தபோது, பழுதே இல்லாதவை என்று எல்லோரும் நம்பிய கைகளும் அவற்றுக்குரிய வரம்பைத் தாண்டின. 2005இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என்று விதியை மாற்றியது. 2010 ஜூலையில், காலியில், 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு முரளி விடைபெற்றார்.

இந்த வரலாற்றில் விதி மாறியதே பெரும்பாலும் பேசப்படுகிறது. பயிற்சியின் நோக்கில் பார்த்தால் 14 பாகை 10 ஆனதே பெரிய செய்தி. உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர் ஒருவர், தன் உடலால் உணர முடியாத ஓர் அசைவை எண்ணாகப் பார்த்து, பயிற்றுவிப்பாளர்களின் துணையோடு சில வாரங்களில் அதைத் திருத்தியிருக்கிறார். அளவு, அதற்கு விளக்கம், விளக்கத்துக்கேற்ற திருத்தம், மறுபடியும் அளவு என்ற அந்த வரிசை இன்றைய கருவிகளுக்கும் பொருந்தும். அதில் எந்தப் படி விடுபட்டாலும் பயிற்சி முடமாகிவிடும்.

அன்றைய அளவெடுப்பு வீரரைப் பாடாய்ப்படுத்தியது. தோள், முழங்கை, மணிக்கட்டு எங்கும் ஒளியைத் தெறிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிவர நிற்கும் அகச்சிவப்புக் கமராக்கள் அவற்றின் இடத்தைப் பதிவுசெய்யும். வியர்வையில் உருண்டை கழன்றுவிடும். எலும்பின்மேல் தோல் வழுக்கும்போது உருண்டையும் நகரும். இவற்றையெல்லாம் விட, எதிரே துடுப்பாட்டக்காரர் இல்லாமல், மேலங்கி இல்லாமல், மூடிய அறைக்குள் வீசும் பந்தும் ஆட்டத்தின் நெருக்கடியில் வீசும் பந்தும் ஒன்றாகாது. வீரரை அறைக்குள் கொண்டுவராமல், அவர் விளையாடும் இடத்திலேயே உடலை அளக்கும் வழி தேவைப்பட்டது.

அந்த வழியின் முக்கியமான வேர் ரொறன்ரோவில் இருக்கிறது. 2012இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர் ஆகியோரும் ஒரு நரம்பு வலையமைப்பை உருவாக்கினார்கள். படத்தில் இருப்பது என்ன என்று இனங்காணும் இமேஜ்நெட் போட்டியில் அது 15.3 சதவீதப் பிழையோடு வென்றது. இரண்டாவதாக வந்த முறையின் பிழை 26.2 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், கூகுள் ஆய்வாளர்கள் இருவர் அதே வலையமைப்பின் கட்டமைப்பை எடுத்துக் கேள்வியை மட்டும் மாற்றினார்கள்: படத்தில் நிற்பது யார், எது என்று கேட்காமல், நிற்பவரின் முழங்கை படத்தின் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று கேட்டார்கள். டீப்போஸ் என்ற அந்த முறைக்குப் பின், 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்போஸ், ஒரே படத்தில் நிற்கும் பலரின் மூட்டுகளை உடனுக்குடன் குறித்துக் காட்டியது. ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரில் உள்ள தீயா மார்க்கர்லெஸ் நிறுவனம், உருண்டை எதுவும் ஒட்டாமல், பல கமராக்களின் படத்திலிருந்தே உடலின் முப்பரிமாண அசைவைக் கணிக்கும் மென்பொருளை விற்கிறது. ஹின்டனுக்கு 2024இல் இயற்பியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தபோது விளையாட்டு பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால் இன்று பயிற்சிக் களங்களில் ஓடும் அளவெடுப்பு மென்பொருட்களில் பெரும்பாலானவை அந்த 2012ஆம் ஆண்டு வேலையின் வழிவந்தவை.

இந்த வலையமைப்புக்கு முழங்கை என்றால் என்னவென்று தெரியாது. மனிதர்கள் கையால் புள்ளியிட்டுக் காட்டிய ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது மட்டுமே அதன் கல்வி. புதிய படம் வந்ததும், படத்தின் ஒவ்வோர் இடத்திலும் முழங்கை இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, வாய்ப்பு அதிகமான இடத்தில் புள்ளி வைக்கும். பல கோணங்களிலிருந்து இப்படிப் புள்ளிகள் கிடைத்தால் அவற்றைச் சேர்த்து முப்பரிமாணத்தில் இடத்தைக் கணிக்கலாம். ஒற்றைக் கைபேசி என்றால், கமராவை நோக்கி வருவதையும் விலகிப் போவதையும் மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். ஆகவே முரளியின் கையைப் பார்த்த நடுவருக்கு ஏற்பட்ட அதே மயக்கம் ஒற்றைக் கமராவுக்கும் ஏற்படும். நேர் எதிரே வைத்த கைபேசியைக் கொண்டு ஒரு சிறுவனின் பந்துவீச்சு முறையானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர், 1995ஆம் ஆண்டின் தவறைப் புதிய கருவியோடு திரும்பச் செய்கிறார்.

ஒரு கருவி எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதை ரொறன்ரோ எல்லையில் உள்ள மில்லிக்கன் பகுதிக்குப் பழக்கமான ஒரு விளையாட்டில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டீல்ஸ் அவென்யூவின் இருபுறமும், பாதி ஸ்காபரோவாகவும் பாதி மார்க்கமாகவும் பரந்திருக்கும் இந்தப் பகுதியில் குளிர்கால விளையாட்டு பெரும்பாலும் கூரைக்குள்தான். பட்மின்டன் அதில் முன்னிற்கிறது. சற்று வடக்கே உள்ள மார்க்கம் பான் அம் நிலையத்தில்தான் 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளின் பட்மின்டன் போட்டிகள் நடந்தன. மார்க்கத்தில் வளர்ந்த மிஷெல் லீ பெண்கள் ஒற்றையரில் தங்கம் வென்றதும் அங்கேதான். அப்படியொரு தளத்தின் பின்கோட்டில் முக்காலியில் ஒரு கைபேசி நிற்கிறது என்று கொள்ளலாம். நல்ல வீரரின் ஸ்மாஷ் மணிக்கு 360 கிலோமீற்றர் வேகத்தில் மட்டையை விட்டுப் புறப்பட்டால், அது விநாடிக்கு 100 மீற்றர். விநாடிக்கு 60 படம் எடுக்கும் கைபேசியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில், தொடக்க வேகத்தில், இறகுப்பந்து 1.6 மீற்றருக்கு மேல் போய்விடும். 240 படம் எடுத்தாலும் இடைவெளி 40 சென்ரிமீற்றருக்கு மேல். அடித்த கணம் படத்தில் விழவே இல்லை. ஆகவே மட்டையின் முகம் எந்தக் கோணத்தில் இருந்தது என்று அந்தச் செயலி காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

கால்களின் கதை வேறு. எதிராளி அடிக்கும் தருணத்தில் இரு பாதமும் தரையில் ஊன்றித் துள்ளத் தயாராக இருந்தனவா, வலைக்கருகே பாய்ந்து எட்டும்போது முழங்கால் பாதத்தின் நேருக்கு வந்ததா அல்லது உள்ளே மடிந்ததா, அடித்த பின் நடுவிடத்துக்குத் திரும்ப எத்தனை எட்டு பிடித்தது, இருபதாவது நிமிடத்தில் அந்தத் திரும்பல் எவ்வளவு தாமதமானது என்பவற்றையெல்லாம் 60 படத்திலேயே தெளிவாக எண்ணலாம். பயிற்றுவிப்பாளர் வெறும் கண்ணால் ஓரிரு தடவை பார்ப்பதைக் கருவி முந்நூறு தடவை பார்த்துக் கணக்கு வைத்திருக்கும். பட்மின்டன் பெருமளவுக்குக் கால்களின் ஆட்டம் என்பதால், மலிவான கருவியும் உண்மையில் உதவும் இடம் அதுவே.

நீச்சலில் அளவெடுப்பு இன்னும் கடினம். நீர் படத்தைச் சிதைக்கும், நுரை உடலை மறைக்கும். ஸ்காபரோவின் மோர்னிங்சைட் அவென்யூவில் உள்ள ரொறன்ரோ பான் அம் விளையாட்டு நிலையக் குளத்தில், ரொறன்ரோவைச் சேர்ந்த சமர் மக்கின்ரொஷ் 2023இல் சில நாள் இடைவெளியில் இரண்டு உலகச் சாதனைகளைப் படைத்தார். அந்த உயரத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருப்பது ஒரு விநாடியின் சிறு துண்டு. அந்தத் துண்டைத் தேடியவர்களில் ஒருவர் கணிதவியலாளர் கென் ஓனோ. கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜனின் கணிதத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர், இராமானுஜன் பற்றிய திரைப்படத்துக்கும் துணைநின்றவர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவரும் மாணவர்களும், நீச்சல்காரரின் உடலில் சிறிய உணரியைக் கட்டி, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை முடுக்கத்தைப் பதிவுசெய்து, ஒவ்வொரு கைவீச்சிலும் வேகம் எங்கே கூடுகிறது, எங்கே வீணாகிறது என்று கணித மாதிரி அமைத்தார்கள். மார்பு நீச்சல் வீராங்கனை கேட் டக்ளஸுக்கு, நீரில் பாய்ந்த பின்னும் சுவரை உதைத்த பின்னும் நீருக்கடியில் கையை இழுக்கும்போது தலையின் நிலை வேகத்தைக் குறைப்பது அதில் தெரிந்தது. 50 மீற்றர் குளத்தில் 200 மீற்றர் போட்டியில் அந்த இழுப்பு நான்கு தடவை வரும். சிறு பிழையும் நான்கால் பெருகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 2 நிமிடம் 19.24 விநாடியில் தங்கம் வென்றார். பயிற்றுவிப்பாளரும் கடலளவு எண்களும் இருந்த அந்த அணியில், டக்ளஸே புள்ளியியல் படித்தவர் என்பதையும் ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் உடலைப் பற்றிய எண்ணைத் தானே வாசிக்கத் தெரிந்த வீராங்கனைக்குக் கருவி கூடுதலாகக் கொடுத்தது.

குழு விளையாட்டில் கேள்வி உடலைத் தாண்டி இடத்துக்குப் போகிறது: யார் எங்கே நின்றிருக்க வேண்டும்? இதற்கு உலகம் கவனித்த முதல் விடைகளில் ஒன்று ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியிடமிருந்து வந்தது. அரங்கின் கூரையில் பொருத்திய ஆறு கமராக்கள் விநாடிக்கு 25 முறை பத்து வீரர்களின் இடத்தையும் பந்தின் இடத்தையும் பதிவுசெய்தன. அந்த எண்களைக் கொண்டு அணியின் ஆய்வுக்குழு எழுதிய நிரல், உண்மையான தடுப்பாட்டக்காரரின் பக்கத்திலேயே நிழல் போன்ற இன்னொரு உருவத்தைத் திரையில் ஓடவிட்டது. அணியின் திட்டப்படி அவர் நின்றிருக்க வேண்டிய இடம் அது. 2013இல் இது வெளியே தெரியவந்தபோது, அந்த நிழல்கள் உண்மையான வீரர்களை விட மிகத் துணிந்து, தம் ஆளை விட்டு விலகிச் சகவீரருக்கு உதவ ஓடின என்பதும் தெரிந்தது. நிழலுக்கு மூச்சு வாங்காது. நாலாவது கால்பகுதியில் கால் கனக்காது. ஆகவே பயிற்றுவிப்பாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் 'நீ பிந்திவிட்டாய்' என்று வாயால் சொல்வதற்கும், எத்தனை அடி பிந்தினாய் என்று படத்தில் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. 2023-24 பருவத்திலிருந்து, ராப்டர்ஸ் ஆடும் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் அரங்குகளில் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் தொடரப்படுகின்றன. இடம் மட்டுமன்றிக் கையின் உயரமும் உடலின் திருப்பமும் இப்போது எண்ணாகின்றன.

உதைபந்தாட்டத்தில் கூகுள் டீப்மைண்ட் நிறுவனமும் லிவர்பூல் கழகமும் சேர்ந்து செய்த டாக்டிக்ஏஐ, 7,176 கோர்னர் உதைகளிலிருந்து கற்று, வீரர்களை எங்கே நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. 2024இல் வெளியான ஆய்வின்படி, கழகத்தின் நிபுணர்கள் 90 சதவீத வேளைகளில் நடைமுறையில் இருந்த அமைப்பை விட அந்தப் பரிந்துரையையே விரும்பினார்கள். நிபுணர் விரும்புவதும் ஆட்டத்தில் கோல் விழுவதும் வேறு வேறு என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும் கோர்னர் உதை நல்ல தேர்வு. பந்து நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், சூழல் திரும்பத் திரும்ப வருகிறது. கருவி கற்க அது வசதியான பாடம்.

சென்னை ஐஐடியின் விளையாட்டு அறிவியல் மையம், கர்நாடகத்தின் விஜயநகரில் உள்ள இன்ஸ்பயர் விளையாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2023இல் ஸ்மார்ட்பாக்ஸர் என்ற குத்துச்சண்டைக் கருவியை அறிவித்தது. கையுறையில் உணரி, காலணிக்குள் தரையழுத்தத்தை அளக்கும் அடித்தகடு, கால் அசைவுக்கு வேறோர் உணரி, கூடவே கமரா. குத்தின் வலு முட்டியில் தொடங்குவதில்லை. பின்காலில் தொடங்கி இடுப்பு வழியே ஏறி வருகிறது. காலையும் கையையும் ஒரே நேரத்தில் அளக்காமல் ஒரு குத்து ஏன் வலுவிழந்தது என்று சொல்ல முடியாது என்பதால், அந்த வடிவமைப்பு சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. பாரிஸில் இந்தியாவுக்குக் குத்துச்சண்டையில் பதக்கம் கிடைக்கவில்லை. அதைக் கருவியின் தோல்வி என்பது எவ்வளவு தவறோ, டக்ளஸின் தங்கத்தை முழுக்கக் கருவியின் கணக்கில் எழுதுவதும் அவ்வளவு தவறு.

கருவி எப்போது பயிற்சிக்குள் வர வேண்டும் என்ற கேள்விக்குச் சதுரங்கத்தை விட்டால் வேறு எங்கும் இவ்வளவு நீண்ட அனுபவம் இல்லை. அங்கே கணினி மனிதரை வென்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சிறுவர்கள் முதல் நாளிலிருந்தே, நகர்வுகளைக் கணிக்கும் மென்பொருளான எஞ்சினைத் திறந்துவைத்துப் பயில்கிறார்கள். சென்னையின் குகேஷுக்குப் பயிற்றுவிப்பாளர் விஷ்ணு பிரசன்னா எதிர்த்திசையில் பாதை அமைத்தார். கிராண்ட்மாஸ்டர் நிலையை நெருங்கும் வரை எஞ்சின் பக்கமே போகவிடாமல், நிலைகளைத் தானே கணித்துப் பார்க்கப் பழக்கினார். 2024 ஏப்ரலில் ரொறன்ரோவின் கிரேட் ஹோல் மண்டபத்தில் நடந்த, உலக வாகையரோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில், 17 வயதில், 14 சுற்றுகளில் 9 புள்ளி பெற்று குகேஷ் வென்றார். அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து உலக வாகையர் ஆனார். அந்த உச்சத்துக்கான தயாரிப்பில் எஞ்சினின் பங்கு இன்றியமையாதது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது, அதன் விடையை ஏன் என்று கேட்கத் தெரிந்த மூளை ஏற்கெனவே உருவாகியிருந்தது. ஓடுபாதையிலும் குளத்திலும் பயிலும் பிள்ளைகளுக்கும் இந்த வரிசை பொருந்தும். தன் கால் எங்கே ஊன்றுகிறது என்பதைத் தானே உணரப் பழகாத பிள்ளைக்குத் திரையில் வரும் எண் கட்டளையாகத்தான் தெரியும்.

காயம் வருமுன் சொல்லும் என்று விற்கப்படும் கருவிகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 100 வீரர்களில் ஒரு மாதத்தில் 5 பேருக்குக் காயம் வரும் என்று வைத்துக்கொண்டால், காயப்படப்போகிறவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்து, மற்றவர்களில் 20 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும் கருவி நல்ல கருவியாகவே தோன்றும். கணக்குப் போட்டால், 4 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, 19 பேரை வீணாக உட்காரவைக்கிறது, ஒருவரைத் தவறவிடுகிறது. காயம் அரிதாக இருப்பதால் வரும் இந்தக் கணக்கை எந்த நரம்பு வலையமைப்பும் தப்ப முடியாது. கடந்த ஒரு வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, விகிதம் 1.5ஐத் தாண்டினால் அபாயம் என்று சொல்லும் முறை 2016இல் பெரும் புகழ் பெற்று எத்தனையோ செயலிகளுக்குள் புகுந்தது. அந்த விகிதத்தின் கணித அடிப்படையே ஆட்டங்காண்கிறது என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்டிய பிறகும் செயலிகளின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. 2018-19 பருவத்தில் ராப்டர்ஸ் அணி கவாய் லெனர்டை 82 ஆட்டங்களில் 60இல் மட்டும் இறக்கி வாகை சூடியதை இத்தகைய காயக் கணிப்புக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அவருடைய பழைய தொடைத்தசைக் காயத்தை நன்கறிந்த மருத்துவக் குழு, அவரோடு பேசி, அன்றன்று முடிவெடுத்ததே அங்கே நடந்தது. எண்கள் அந்தப் பேச்சுக்கு உதவின.

எந்த உடலிலிருந்து கற்றதோ அந்த உடலுக்கே கருவி நன்றாகப் பொருந்தும். 2014 முதல் 2020 வரை முக்கிய விளையாட்டு அறிவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளை எண்ணிப் பார்த்தவர்கள், பங்கேற்றவர்களில் பெண்கள் 34 சதவீதம் மட்டுமே என்றும், பெண்களை மட்டும் ஆராய்ந்தவை 6 சதவீதம் என்றும் கண்டார்கள். வளரும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். ஒரே ஆண்டில் உயரம் கூடி, கைகால் நீளம் மாறி, நேற்றைய ஓட்டமுறை இன்று பொருந்தாமல் போகும் வயது அது. தொழில்முறை ஆண்களின் எண்களில் பழகிய செயலி, பதின்மூன்று வயதுச் சிறுமியின் முழங்கால் 'தவறு' என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவளைப் போன்ற எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். உரையாடும் செயலிகள் எழுதித் தரும் பயிற்சித் திட்டங்களும் இப்படித்தான். ஓட்டக்காரருக்கான அத்தகைய திட்டங்களைப் பயிற்றுவிப்பாளர்கள் மதிப்பிட்ட ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. வீரரைப் பற்றி எவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்டதோ அவ்வளவுக்குத் திட்டம் தேறியது, ஆனாலும் சிறந்தது என்ற மதிப்பை எட்டவில்லை.

கடைசியாக, எண் யாருக்குச் சொந்தம் என்பது. என்பிஏ வீரர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 2017 ஒப்பந்தத்தில் இதைத் தீர்த்துக்கொண்டார்கள். உடலில் அணியும் உணரி வீரரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதன் தரவைச் சம்பளப் பேச்சில் பயன்படுத்தத் தடை. மீறும் அணிக்கு 2,50,000 டொலர் வரை தண்டம். மில்லிக்கனில் பயிற்சிக்குப் போகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்காகப் பேரம்பேச அப்படியொரு சங்கம் இல்லை, பெற்றோரின் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. படம் எந்த நாட்டுச் சேமிப்பகத்தில் கிடக்கும், எத்தனை ஆண்டு கிடக்கும், நிறுவனம் தன் மென்பொருளைப் பழக்க அதைப் பயன்படுத்துமா, பிள்ளை கழகத்தை விட்டுப் போனால் அழிக்கப்படுமா, தேர்வாளர்களுக்குக் காட்டப்படுமா என்ற கேள்விகளுக்குப் படிவத்தில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.